விழாமல் நின்ற வீடு

என்னை வழியனுப்பிய தேநீர் விருந்தில் உங்களில் ஒருவர், கட்டடப் பிரிவுக்குப் புதிதாக வந்த கண்ணாடி போட்ட தம்பி, ஒரு கேள்வி கேட்டார். "அங்கிள், நீங்க கட்டினதுலயே ரொம்ப ஸ்ட்ராங்கானது எது?"

எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். தேயிலைத் தொழிற்சாலையின் புது மாடியைச் சொல்வேன் என்று சிலர் நினைத்திருக்கலாம். கோயில் மண்டபத்தைச் சொல்வேன் என்று சிலர். நான் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, மழை வருகிறதா என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். யாரோ கேக் வெட்டினார்கள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

பதில் எனக்குத் தெரியும். அந்தக் கட்டடம் இந்த மலையில் இல்லை. கடற்கரையில் இருக்கிறது. இருபத்தேழு வயதில் கட்டினேன். வருஷக் கடைசிப் புயலில் அதன் ஒரு பலகைகூடக் கழலவில்லை. அதைச் சொல்ல அன்று வாய் வரவில்லை. எழுதித் தருகிறேன். நீங்கள் முதல் மண்வெட்டியை மண்ணில் இறக்கும் முன் படித்துவிடுங்கள்.

எழுபதுகளின் கடைசி அது. ரிங்லெட் ஊரைத் தாண்டி மேலே ஏறும் பாதையில் எங்கள் தோட்டம். நான் கட்டட வேலைக்கு மண்டோர், அதாவது மேஸ்திரி. எனக்குக் கீழே எட்டு ஆட்கள், ஒரு லோரி. எங்களுக்குத் தெரிந்த பூமி எல்லாம் சாய்ந்த பூமி. ஆட்களுக்கு லயன், வரிசை வீடு, கட்ட வேண்டுமா, சரிவை வெட்டு. வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் தள்ளு. இறுக்கு. தட்டையாக்கு. அதன்மேல் சுவரை எழுப்பு. காலையில் பனி விலகுவதற்குள் ஒரு மேட்டின் தலை போயிருக்கும், மாலைக்குள் ஒரு பள்ளத்தின் வாய் மூடியிருக்கும். மேடு என்றால் எங்களுக்கு மண் எடுக்கும் இடம், பள்ளம் என்றால் கொட்டும் இடம். பூமிக்கு வேறு காரியம் எதுவும் இருக்கும் என்று நாங்கள் யோசித்ததே கிடையாது.

மழையைப் பற்றியும் எங்களுக்கு ஒன்று தெரியும். விடாமல் அடிக்கிற நாளில் பாதையில் இறங்காதே. மண் தலைக்கு மேலேயிருந்து வரும். உறுதியான கூரைக்குக் கீழே எல்லோரும் கூடி உட்கார்ந்து, மழை களைத்துப்போகும்வரை காத்திரு. இப்படி இருந்து பிழைத்தவர்கள் எங்கள் லயனில் நிறைய. இரண்டும் நல்ல பாடங்கள்தான், மலையில். அவற்றை அப்படியே லோரியில் ஏற்றிக்கொண்டு கடலுக்கு இறங்கினோம்.

எங்கள் தோட்டத்துத் துரைக்குக் கடற்கரையில் ஒரு யோசனை வந்திருந்தது. வெள்ளைக்காரத் துரை, கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். பகாங்கின் கிழக்குக் கரையில் விடுமுறை கழித்துவிட்டு, மூக்கின் தோல் உரிந்து திரும்பி வந்தார். தோட்டத்துச் சனம் யாரும் கடலைப் பார்த்ததில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பார்க்கட்டும், அங்கே நமக்கென்று ஓய்வு வீடு ஒன்று இருக்கட்டும் என்றார். இடமும் பார்த்து வைத்திருந்தார். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே நாக்கு போல நீண்டு கிடக்கும் ஒரு மணல் திட்டு. அடி நாக்கு கரையோடு ஒட்டியிருக்கும், நுனி நாக்கு ஆற்று முகத்துவாரத்தைத் தொடும். நுனியில்தான் நம் வீடு.

ஏப்ரலில் போனோம். கடல் அப்படியே தூங்கிக்கொண்டிருந்தது. லோரி ஓட்டும் முனியாண்டி இறங்கி நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்தான்.

"இதுக்கா அண்ணே ஊரே பயப்படுது? நம்ம அணைக்கட்டு ஏரிய விரிச்சுப் போட்ட மாதிரி இருக்குலா."

எட்டு பேரும் சிரித்தோம். தம்பிகளே, தங்கைகளே, ஓரிடத்தை அதன் நல்ல மாதத்தில் போய்ப் பார்த்துவிட்டு அங்கே கட்டலாம் என்று முடிவு செய்யாதீர்கள். பெண் பார்க்கப் போகிறவன்கூடக் கொஞ்சம் விசாரிப்பான். நான் யாரையும் விசாரிக்கவில்லை. விசாரிக்காமலே என்னிடம் வந்து சொன்னவரையும் கேட்கவில்லை.

அந்தத் திட்டின் நடுவில் ஏழு மீனவர் வீடுகள் இருந்தன. பலகையும் ஓலையுமாக, ஆற்றுப் பக்கம் முகம் வைத்து, கடலுக்கு முதுகு காட்டி. அவற்றின் முதுகுக்கும் கடலுக்கும் இடையில் ஆளுயரத்துக்கு மேலாக ஒரு மணல் மேடு. அதன்மேல் அடம்பங்கொடி படர்ந்து ஊதா பூத்திருந்தது. சவுக்கு மரங்கள் காற்றில் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தன. அடி நாக்கிலிருந்து நுனி நாக்குக்குப் போகும் ஒரே மண் பாதை அந்த வீடுகளின் பின்பக்கத்தை ஒட்டித்தான் ஓடியது.

நம் வீட்டுக்கான இடம் தாழ்வாக இருந்தது. உயர்த்த வேண்டும். அதற்கு மணல் வேண்டும். நம் இடத்துக்கு முன்னாலும் மேடு உண்டு, ஆனால் அங்கே நிழலுக்கு மரங்கள் இருக்கட்டும் என்று துரை சொல்லியிருந்தார். அதோடு அங்கே லோரிச் சக்கரம் புதைந்தது. மீனவர் வீடுகளின் பின்னால் தரை கெட்டியாக இருந்தது. லோரியைப் பின்னால் விட்டு மேட்டோடு ஒட்டி நிறுத்தலாம். மேட்டை வெட்டு, பள்ளத்தை நிரப்பு. கை தானாகவே போயிற்று.

இரண்டாம் நாள் அந்த வீடுகளிலிருந்து வயதான ஒருவர் வந்தார். எல்லோரும் அவரைப் பாக்சிக், அதாவது மாமா, என்று கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் பேசியது கம்பத்து மலாய், கிராமத்துப் பேச்சு. நம் பேச்சில் எழுதுகிறேன்.

"எதுக்குப்பா இந்த மணலு?"

"வீட்டுக்கு அடியில போட பாக்சிக். ஒசரமா இருந்தா தண்ணி ஏறாது."

"அது சரி. ஆனா இங்க எடுக்காத. இது எங்க டிண்டிங்."

டிண்டிங் என்றால் சுவர். நான் மேட்டைப் பார்த்தேன். கைப்பிடி அள்ளினால் விரலிடுக்கில் வழிகிறது.

"மணலு எப்படி செவுரு ஆகும் பாக்சிக்?"

"டிசம்பர்ல வந்து பாரு."

"காத்து திரும்பக் கொண்டாந்து போட்டுடும்லா."

"போடும்," என்றார். "பத்து வருஷம் ஆகும். அந்தக் கொடி மொதல்ல வரணும். அது பிடிச்சு வைக்கும். அதுக்கு மேலதான் மணலு உக்காரும்."

நான் அவருக்கு ஒரு சிகரெட் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். அவர் நிலத்தில் நின்றுகொண்டு அவருக்கே சிகரெட் கொடுத்து அனுப்பினேன் என்பது எனக்கு உறைக்க வெகு காலம் ஆயிற்று. ஒன்பது நாள் மணல் அள்ளினோம். முடிந்தபோது ஏழு வீடுகளின் பின்னால் மேடு என் முழங்கால் உயரம் இருந்தது. நம் வீடு திட்டிலேயே உயரமான தட்டில் நின்றது. காங்கிரீட் கால்கள், கனத்த பலகைச் சுவர், போல்ட் போட்டு இறுக்கிய தகரக் கூரை. வராந்தாவில் நின்றால் மரங்களுக்கு இடையே கடல் மினுங்கும். பூட்டிச் சாவியை என் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

டிசம்பர் வந்தது. பள்ளி விடுமுறை அப்போதுதான் விடும், ஆகவே போவதும் அப்போதுதான் என்று ஆபிசில் முடிவாயிற்று. முதல் தொகுதியாக முப்பத்தொரு பேர். பாதிக்கு மேல் பிள்ளைகள். அவர்களுக்குப் பொறுப்பு நான். லோரிக்குத் தார்ப்பாய் கட்டி, விடியுமுன் கிளம்பி, நாள் முழுக்க உருண்டு போய்ச் சேர்ந்தோம்.

கூட வந்தவர்களில் அஞ்சலையக்காவைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். கொழுந்து எடுக்கிறவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். புருஷன் மருந்தடிக்கும் வேலையில் இருந்ததால் விடுப்பு கிடைக்கவில்லை. ஆறு வயது மகள் செல்வியோடு தனியாக வந்தார். சமையலுக்கு அவர்தான் தலைமை. கடலை முதலில் பார்த்தபோது எல்லோரும் கத்தினார்கள், அவர் கத்தவில்லை. வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "என்னா மண்டோரு, இது மூச்சு விடுது," என்றார்.

ஏப்ரலில் நான் பார்த்த கடல் அது இல்லை. நிறம் மாறியிருந்தது. பழுப்பு. தூரத்திலிருந்தே வரிசை வரிசையாக வெள்ளைப் பல் காட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கம் விடவில்லை. இரண்டு நாள் மழை. வீட்டுக்குள் தாயம், பாட்டு, பொரித்த மீன். காற்று கூரையைத் தட்டும்போதெல்லாம் நான் நிமிர்ந்து பார்ப்பேன். ஒரு போல்ட்கூட முனகவில்லை. எனக்குள் ஒரு பெருமை வெதுவெதுப்பாக உட்கார்ந்திருந்தது.

மூன்றாம் நாள் காலை அஞ்சலையக்கா அண்டாவில் தேநீர் போட்டு, முதல் கோப்பையை எனக்கு நீட்டினார். ஒரு வாய் குடித்தேன். துப்பினேன்.

"என்னக்கா, சீனின்னு நெனச்சு உப்ப அள்ளிப் போட்டுட்டியா?"

"நான் இன்னும் சீனியே போடல மண்டோரு."

எல்லோரும் சிரித்தார்கள். முனியாண்டி சும்மா இருப்பானா? "கடலப் பாத்ததுல அக்காவுக்கு மூள கொழம்பிப் போச்சுண்ணே."

"ஒன் மூளய லோரில வச்சுப் பூட்டிட்டு வந்தவன்தானடா நீ," என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல். கிணற்றுக்குப் போனார். புது வாளி இறைத்தார். விரலை நனைத்து நாக்கில் வைத்தார். அங்கிருந்தே கூப்பிட்டார். "மண்டோரு, இங்க வாங்க. கெணத்துத் தண்ணிதான் உப்பு. நேத்து கவுறு முழுசும் எறங்குச்சு. இன்னிக்குப் பாதியிலயே தண்ணி."

போய்ப் பார்த்தேன். நேற்றுவரை நல்ல தண்ணீர் ஊறிய கிணறு. இன்று தண்ணீர் மேலேறியிருந்தது. மழையால் ஏறியது என்றால் உப்பு எங்கிருந்து வந்தது? வீட்டின் பின்னால் ஆற்றுப் பக்கம் ஓடும் சிறு ஓடையைப் பார்த்தேன். ஓடை தலைகீழாக ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றிலிருந்து எங்களை நோக்கி.

நம் தொழிலில் பயப்பட வேண்டிய இடம் இதுதான். பெரிய சத்தம் வராது. ஒரு கோப்பைத் தேநீர் உப்புக் கரிக்கும், சிரிப்பீர்கள், யாரையாவது திட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போவீர்கள். நானும் போயிருப்பேன்.

அந்த நேரம் பாக்சிக் வந்தார். முழங்கால்வரை சேறு. பின்னால் தூரத்தில் அவருடைய சனம் பாயும் பானையும் ஆட்டுக்குட்டியுமாகப் பாதையில் போய்க்கொண்டிருந்தது.

"இன்னும் ஏன் இருக்கீங்க? மத்தியானம் தண்ணி ஏறும். அதுக்குள்ள பாதையத் தாண்டணும். இப்பவே கெளம்பு."

நான் மழையைப் பார்த்தேன். முப்பத்தொரு பேரைப் பார்த்தேன். இந்த மழையில் பிள்ளைகளைப் பாதையில் இறக்குவதா? என் உடம்பு முழுக்க மலை பேசியது. உள்ளே இரு. கூரைக்குக் கீழே இரு.

"இந்த வீடு விழாது பாக்சிக். நான் கட்டினது. எங்களுக்கு இதுதான் பாதுகாப்பு."

"வீட்டப் பத்தி யாரு பேசுனா?" என்றார். அவ்வளவுதான். நிற்காமல் திரும்பி நடந்தார்.

முனியாண்டி என் பக்கம்தான். "பாதையெல்லாம் சேறுண்ணே. லோரி மாட்டிக்கும். இங்கயே இருப்போம்லா. வெறகு இருக்கு, அரிசி இருக்கு."

நான் தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன். பாக்சிக் சொன்ன பாதை எது என்று எனக்குத் தெரியும். அது எந்த வீடுகளின் பின்னால் போகிறது, அங்கே மேடு எவ்வளவு உயரம் என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கும் முனியாண்டிக்கும்தான் தெரியும். அது சுவர் என்று பாக்சிக் சொன்னது எனக்கு மட்டும் தெரியும். தெரிந்தும் தலையாட்டினேன். அதை ஒப்புக்கொண்டால் நான் செய்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். உள்ளே இருந்தால் என் வீட்டின் பலத்தை மட்டும் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

அஞ்சலையக்கா அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தார். செல்வியைத் தூக்கி இடுப்பில் வைத்தார்.

"எங்கக்கா போற?"

"நீங்க இருங்க மண்டோரு. ஒங்க வீடு ஸ்ட்ராங்குதான். ஆனா குடிக்கிற தண்ணியில கடலு வந்துட்ட எடத்துல எம்புள்ளய நான் வச்சிருக்க மாட்டேன். நடந்தாச்சும் போறேன்."

படியிறங்கிவிட்டார். மழையில் அவர் தலைமேல் போட்டிருந்த சாக்குக் கொங்காணி கறுத்து நனைந்தது. பிறகு ஒரு பெண் எழுந்தார், இன்னொருவர். என்னை அசைத்தது என் அறிவு இல்லை என்பதை இந்த இடத்தில் எழுதி வைக்க வேண்டும். எனக்கு முன்னால் ஒரு தாய் நடக்க ஆரம்பித்தாள், அவ்வளவுதான்.

"எல்லாரும் லோரியில ஏறு!" என்று கத்தினேன்.

ஆட்களை எண்ணி ஏற்றினேன். கதவைப் பூட்டினேன். அந்த நேரத்திலும் பூட்டினேன், பாருங்கள். சாவி பையில் விழுந்தது.

ஏழு வீடுகளுக்குப் பின்னால், நான் மணல் அள்ளிய இடத்தில், பாதைமேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முழங்காலளவு. கடலிலிருந்து ஆற்றுக்கு. முனியாண்டி இறக்கினான். பாதி தூரத்தில் பின்சக்கரம் சுழன்றது, புதைந்தது, லோரி ஒரு பக்கம் சாய்ந்தது.

"எறங்கு! எறங்கு!"

முன்னால் போன மீனவர் குடும்பத்து ஆண்கள் திரும்பி ஓடி வந்தார்கள். கேட்காமலே தண்ணீருக்குள் வரிசையாக நின்றார்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு. அந்தக் கைகளின் வழியாகப் பிள்ளைகளைக் கடத்தினோம். செல்வியை வாங்கியவர் பாக்சிக். அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கடைசியாக முனியாண்டியும் நானும் கடந்தோம். அப்போது தண்ணீர் இடுப்பில் இருந்தது. மறுகரையில் எண்ணினேன். முப்பத்தொன்று. மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்று. பெண்களும் பிள்ளைகளும் கொஞ்சம் தள்ளியிருந்த சூராவுக்குள், அவர்களுடைய சிறு தொழுகைக் கூடத்துக்குள், போய் ஒண்டினார்கள். நான் போகவில்லை. என் கால்கள் திரும்பி நின்றன.

பெரிய அலை ஒன்று வந்து அடித்துப் போயிற்று என்று பிற்பாடு தோட்டத்தில் கதை சொன்னார்கள். அப்படி எதுவும் வரவில்லை. அதுதான் என்னால் இன்றும் தாங்க முடியாதது. பட்டப்பகல். மேடு இருந்த இடத்தில் மிச்சமிருந்த முழங்கால் மணல், தேநீரில் போட்ட சீனி மாதிரி, ஓரத்திலிருந்து கரைந்தது. கடல் ஓடிவரவில்லை. கதவு திறந்திருந்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி உள்ளே வந்தது. லோரி மெல்லத் தலை குனிந்து, தார்ப்பாய் மட்டும் தெரிந்து, அதுவும் தெரியாமல் போனது. அந்த மணலைச் சுமந்த அதே லோரி, அதை அள்ளிய அதே இடத்தில். பிறகு முதல் வீடு. கால்கள் மடங்கி உட்கார்ந்தது. இரண்டாவது நகர்ந்தது. ஜன்னல் துணி உள்ளே ஆடிக்கொண்டிருக்க, வீடு அப்படியே ஆற்றுக்குள் நடந்து போயிற்று. மூன்று. நான்கு. காற்றின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. ஒரு வீடு போகும்போது சத்தம் வரும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இரண்டு தென்னை உயரத் தூரத்துக்கு நிலம் இல்லை. நாக்கு அறுந்துவிட்டது. அந்தப் பக்கம், துண்டான நுனியில், உயரத் தட்டின்மேல், என் வீடு நின்றது. வராந்தாகூட நனையவில்லை.

நாங்கள் அதற்குள் இருந்திருந்தால் விழாமல் நிற்கும் வீட்டுக்குள், உப்புக் கிணற்றோடு, எத்தனை நாள் என்று தெரியாமல் கிடந்திருப்போம்.

பாக்சிக் என் பக்கத்தில் வந்து நின்றார். ஏழாவது வீடு அவருடையது. அது போய்க்கொண்டிருந்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அவர் என்னை அடித்திருக்கலாம். நான் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"உன் வீடு நிக்கும்," என்றார். குரலில் கோபம் இல்லை. கணக்கு சொல்கிற மாதிரி. "எங்க மணலு அதுக்குக் கீழதான இருக்கு."

அவர் போய்த் தம் சனத்தோடு உட்கார்ந்தார். அவருடைய வீட்டுப் பெண் ஒருத்தி எங்கள் பிள்ளைகளுக்குக் காய்ந்த துணி கொடுத்துக்கொண்டிருந்தாள். தன் துணி. மிச்சமிருந்த மூட்டையிலிருந்து.

மலைக்குத் திரும்பினோம். புயல் ஓய்ந்து பல வாரம் கழித்துத் துரை படகில் போய்ப் பார்த்துப் படம் எடுத்து வந்தார். என்னை ஆபிசுக்குக் கூப்பிட்டு, எல்லோருக்கும் முன்னால் கை குலுக்கினார். ஏழு வீடு போன இடத்தில் நம் வீடு நிற்கிறது, இதுதான் வேலை என்றார். ஆபிஸ் எழுத்தர்களான கிராணிகள் கை தட்டினார்கள். கட்டடப் பிரிவுக்கே என்னைத் தலைவனாக்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டுக்கு அதன் பிறகு யாரும் போகவில்லை. போவதற்குப் பாதை இல்லை. சாவியை யாரும் கேட்கவில்லை.

லயனில் அஞ்சலையக்கா எல்லோரிடமும் சொன்னார்: "மண்டோருதான் எங்க முப்பத்தொரு பேரையும் லோரியில ஏத்திக் காப்பாத்தினாரு." நான் மறுக்கவில்லை. சில வருஷத்தில் அவருக்கு முழங்கால் வலி வந்து மலை ஏற முடியாமல் போனதும், ஆபிசில் தேநீர் போடும் வேலைக்கு வந்தார். என் மேசையில் கோப்பையை வைக்கும்போதெல்லாம் ஒன்று சொல்வார். "உப்பு இல்ல மண்டோரு, குடிங்க." இருவரும் சிரிப்போம். தினமும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குள் நான் எதை மறைத்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

எண்பதுகளின் நடுவில் புதுத் துரை வந்தார். அவர் நம் நாட்டுக்காரர்தான், ஆனாலும் துரை என்றே கூப்பிட்டோம். ஸ்டாஃப் குடியிருப்பு கட்ட வேண்டும் என்று ஒரு வரைபடத்தை மேசையில் விரித்தார். இடம் தாழ்வான சதுப்பு. நிரப்ப மண் வேண்டும். மண்ணுக்கு அவர் விரல் வைத்த இடம் மேல்லயனுக்குப் பின்னால் இருக்கும் திட்டு.

அந்தத் திட்டை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். பெரிய மழையில் மேலிருந்து இறங்கும் ஓடை அதில் முட்டித்தான் லயனை விட்டு விலகிப் போகிறது. லயனில் அப்போது நாற்பது குடும்பம். அஞ்சலையக்காவின் வீடு முதல் வரிசையில்.

"சும்மா கெடக்கற மேடுதானே," என்றார் துரை. "கிழக்குக் கரையில ஒங்க வீடு மட்டும் நின்னுச்சாமே. நீங்க செஞ்சா நிக்கும். கையெழுத்துப் போடுங்க."

அப்போது கதவு திறந்து அஞ்சலையக்கா தட்டோடு உள்ளே வந்தார். நான் அவர் வெளியே போகும்வரை காத்திருந்திருக்கலாம். பலமுறை யோசித்திருக்கிறேன், ஏன் காத்திருக்கவில்லை என்று. சாவி பையில் இருந்தது. எட்டு வருஷத்துக்கு மேலாகப் பையில்தான் இருந்தது. எடுத்து வரைபடத்தின்மேல் வைத்தேன். அன்று உப்புத் தண்ணீரில் நனைந்து துரு ஏறிய சாவி.

"என்னது இது?"

சொன்னேன். மேட்டை யார் வெட்டினார்கள், எத்தனை நாள் அள்ளினார்கள், யார் வேண்டாம் என்றார், நான் என்ன பதில் சொன்னேன். கிளம்பலாம் என்றபோது நான் தலையாட்டியது எதற்கு. ஏழு வீடு எப்படிப் போயிற்று. என் வீடு நின்றது எதன்மேல். பாதியில் கோப்பை ஒன்று தட்டில் ஆடும் சத்தம் கேட்டது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

துரை சாவியை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு வரைபடத்தைச் சுருட்டினார். "வேற எடம் பாருங்க," என்றார். அடுத்த மாதம் கட்டடப் பிரிவின் தலைமை வேறொருவருக்குப் போயிற்று. அது நியாயம். திட்டு அங்கேயே இருக்கிறது. அதன்மேல் தேயிலை நட்டிருக்கிறார்கள். அதை யாராவது வெட்டச் சொன்னால் காட்ட உங்களிடம் இந்தக் காகிதம் இருக்கிறது.

மறுநாள் காலை அஞ்சலையக்கா தேநீரோடு வந்தார். மேசைக்கு அருகில் நின்றார்.

"மண்டோரு, எம்மகள அன்னிக்குக் கையில வாங்குனாரே, அந்தப் பாக்சிக்கு. அந்த ஏழு வூட்டு சனம் இப்ப எங்க இருக்கு?"

"தெரியலக்கா."

"போயிப் பாக்கலயா?"

"இல்லக்கா."

"ஒரு தடவ கூட?"

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். கைப்பிடியை என் பக்கம் திருப்பி, சிந்தாமல், எப்போதும் வைப்பது போல. அந்த வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. நான் வேலையை விடும்வரை அதன் பிறகு ஒரு நாளும் சொல்லவில்லை.

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் கோப்பையை எடுத்தேன். நாக்கு நுனியில் ஒரு துளி வைத்துப் பார்த்தேன்.

உப்பு இல்லை.